அடைத்த ஓட்டை

அவளுக்குச் சம்மட்டி என்று பெயர் வைத்தது யாரென்று அவளுக்கே தெரியாது. பட்டறைத் தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், கை நீட்டி இடத்தைக் காட்டுவார்கள். கூடவே குரலைத் தாழ்த்தி, "மூஞ்சி எப்படி இருக்குன்னு பாத்துட்டு உள்ள போங்க" என்றும் சொல்லி அனுப்புவார்கள். நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலையில் அவளுக்கு ஈடு அந்தத் தெருவில் ஆளில்லை. கோபத்திலும் இல்லை. கட்டிக்கொண்டவன் ஒருநாள் குழம்பு சரியில்லை என்று சாப்பாட்டுத் தட்டை எட்டி உதைத்தான். அவள் அவனுடைய கட்டைவிரலை மடக்கி உடைத்து, பெட்டியோடு அனுப்பி வைத்தாள். "தட்டையும் நெளிச்சுட்டுப் போயிட்டான், அதையும் நானே நிமித்த வேண்டியிருக்கு" என்று பக்கத்துக் கடை பெயிண்டரிடம் பிறகு குறைப்பட்டுக்கொண்டாள். விரலைப் பற்றி மூச்சு விடவில்லை.

இவ்வளவு முரட்டுத்தனம் ஒரு பெண்ணுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் அவளுடைய அப்பனைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், இவ்வளவோடு நிறுத்திக்கொண்டாளே என்று ஆச்சரியப்பட்டிருப்பார்கள்.

அப்பன் கல் உடைக்கும் குவாரியில் ஜீப் ஓட்டினான். மேடு பள்ளம், சேறு, சரளை என்று எதையும் பார்க்காமல் ஏறி இறங்குகிற பழைய ஜீப். குவாரி மூடியபோது அதை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். அந்த ஜீப்பில் ஒரு குறை இருந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, உள்ளே வெற்றாக ஓர் இரும்புக் குழல் ஓடும். மழை பெய்தால் அதற்குள் தண்ணீர் இறங்கும். குழலின் அடியில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் ஓட்டுகிறவனின் இடது கால்மேல் சொட்டும். அவ்வளவுதான் குறை. அந்தச் சொட்டுக்காக ஒரு குடும்பம் சின்னாபின்னமாகும் என்று ஜீப் செய்தவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

ஓட்டையை அடைப்பது பிள்ளைகளின் வேலை. அவளும் அவள் தம்பியும் கந்தைத் துணி, தார், சோப்பு, மெழுகு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்து அடைத்தார்கள். அடுத்த மழையில் அது கரைந்துபோகும். அப்பன் நனைந்த செருப்போடு வாசலில் வந்து நிற்பான். "யாரு அடைச்சது?" என்று மெதுவாகத்தான் கேட்பான். அதற்குப் பிறகு எதுவும் மெதுவாக நடக்காது. பெல்ட், விறகு, ஜாக்கிக் கம்பி என்று எது கையில் கிடைக்கிறதோ அது. அம்மா ஒருநாள் காலையில் ஒரு கண் மூடியபடி வீங்கியிருக்க, தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பினாள். குடம் மட்டும் குழாயடியில் கிடந்தது.

ஒரு மழைநாளில் அப்பன் தம்பியின் பிடரியைப் பிடித்து ஜீப்புக்குள் இழுத்துப் போனான். எஞ்சினுக்கும் ஓட்டுகிறவனின் கால்களுக்கும் நடுவில் சுவர் மாதிரி நிற்கும் இரும்புத் தகட்டில் அவன் தலையை மோதினான். "இப்ப தெரியுதா எங்க ஒழுகுதுன்னு? பாரு. நல்லாப் பாரு." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மோது. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள். விளக்கு ஆடினால் அவளுக்கும் விழும் என்பதால் ஆடாமல் பிடித்திருந்தாள். தகடு குழிந்தது. தம்பியின் இடது காது அன்றோடு செத்துப்போனது. மறுநாள் அப்பன் ஜீப்புக்குள் குனிந்து, குழிந்த இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்துச் சாயம் பூசினான். காய்ச்சலில் கிடந்த மகனை எட்டிப் பார்க்கவில்லை.

அப்படிப்பட்டவன் வயதாகி, படுக்கையில் விழுந்து, யார் கையாலும் அடிபடாமல் செத்தான். அதைத்தான் அக்காவாலும் தம்பியாலும் தாங்க முடியவில்லை. சடலம் போன கையோடு தம்பி ஒரு கேன் பெட்ரோலோடு ஜீப்பிடம் வந்தான். அவன் ஊருக்கு வெளியே கால்வனைஸ் செய்கிற ஆலையில் வேலை பார்ப்பவன். உருகிய துத்தநாகம் கொதிக்கும் தொட்டியில் இரும்பை முக்கி எடுக்கும் ஆள்.

"தள்ளு அக்கா. இதக் கொளுத்தினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"தொட்ட, கைய ஒடிச்சுடுவேன்."

"அவனோட நாத்தம் இன்னும் இதுக்குள்ள இருக்கு. உனக்கு இது எதுக்கு?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத கோபத்தில் சக்கரம் கழற்றும் ஸ்பேனரை வீசினாள். தம்பியின் தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டது. விழுந்த இடத்திலிருந்தே அவன் அவள் முட்டியில் உதைத்தான். முகம் தரையில் மோதி அவளுக்கு ஒரு பல் போனது. துக்கம் கேட்க வந்தவர்கள் பிரித்து விட்டார்கள். பெற்ற அப்பன் செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஆனால் வாசல் முழுக்க ரத்தம் என்று ஊர் பேசியது. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பதில் அவளுக்குப் பிறகு கிடைத்தது. பெயிண்டர் ஒருநாள், "அந்த எழவு ஜீப்ப வித்துத் தொலைச்சா என்னக்கா?" என்று கேட்டபோது வாயில் தானாக வந்தது. "அத அடிக்கிற உரிமை எனக்கு மட்டும்தான்."

அடித்தாள். கதவுகளைக் கழற்றினாள், மூக்கைக் கழற்றினாள், கடைசியாக அந்த இரும்புச் சுவரை அதன் மேலே ஓடும் குழலோடு தனியாகப் பிரித்துத் தாங்கியில் நிறுத்தினாள். துரு அதைப் பாதி தின்றிருந்தது. சாதாரணமாகச் சாயம் பூசினால் இரண்டு மழைக்குத் தாங்காது. துத்தநாகத்தில் முக்கினால் ஆயுசுக்கும் துரு அண்டாது. பக்கத்தில் இருப்பது ஒரே ஓர் ஆலை. அங்கே தொட்டியடியில் நிற்பவன் ஒரே ஒரு தம்பி. அவள் பெயிண்டரைத் தூது அனுப்பினாள்.

பெயிண்டர் முகம் வெளிறித் திரும்பி வந்தார். "ஜீப்புன்னதும் காறித் துப்பினார் அக்கா. அப்புறம் கொண்டாரச் சொல்லுங்கன்னார். சும்மா இல்ல, கண்டிசன் இருக்கு. சாயம், கிரீஸ், பட்டி ஒரு துளி இருக்கக் கூடாதாம். பெட்டி மாதிரி மூடிக்கிட்டு இருக்கிற எடத்துல எல்லாம் ஓட்டை இருக்கணுமாம். காத்து, தண்ணி எதுவும் உள்ள மாட்டிக்கிட்டா அந்தச் சூட்டுல குண்டு மாதிரி வெடிக்குமாம். போன வருசம் ஒருத்தருக்கு முகமே போயிடுச்சாம்."

"எனக்குப் பாடம் எடுக்குறானா அவன்?"

"நான் சொல்லலக்கா, அவர் சொன்னார்" என்று பெயிண்டர் இரண்டடி பின்னால் போனார்.

மறுநாளே ஆரம்பித்தாள். ஊதுகுழல் தீயைக் காட்டியதும் சாயம் கொப்பளித்துச் சுருண்டது. பச்சைக்குக் கீழே சாம்பல், சாம்பலுக்குக் கீழே மஞ்சள். சுரண்டியால் கீறிக் கீறி எடுத்தாள். புகை கண்ணைக் கரித்தது. ஓரிடத்தில் சாயத்தோடு சேர்ந்து தடித்த பட்டி ஒன்று பெயர்ந்து காலடியில் விழுந்து உடைந்தது. அது விட்டுப்போன குழிக்குள் வெற்று இரும்பு பளபளத்தது. ஒரு குழந்தைத் தலை அளவுக் குழி. அவளுடைய முஷ்டியை உள்ளே வைத்துப் பார்த்தாள். முஷ்டி அடங்கியும் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.

அந்தக் குழியை நிமிர்த்த அவளுக்கு ஐந்து நிமிடம் போதும். முன்னால் இரும்புக் கட்டையைக் கொடுத்துப் பின்னால் தட்டினால் சமமாகிவிடும். சுத்தியலை எடுக்கவும் எடுத்தாள். பிறகு கீழே போட்டாள். இதையும் நிமிர்த்திவிட்டால், அந்த வீட்டில் நடந்ததற்குச் சாட்சி சொல்ல அவளும் தம்பியும் மட்டும்தான் மிச்சம். அவர்கள் இருவருமோ பேசிக்கொள்வதில்லை.

கோபத்தை அடிப்பகுதியில் காட்டினாள். கூர்ச் சுத்தியலால் குத்திய இடமெல்லாம் துரு பொடிப்பொடியாகக் கொட்டியது. கால் வைக்கும் பள்ளங்கள் இரண்டையும் கிரைண்டரால் அறுத்து எறிந்தாள். தீப்பொறி கழுத்துக்குள் இறங்கியதைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. புதுத் தகடு வளைத்து வைத்துப் பற்றவைத்தாள். மேல் குழலின் விளிம்பிலும் பழைய இணைப்பு விட்டிருந்த இடமெல்லாம் இடைவெளி இல்லாமல் பற்றவைத்து மூடினாள். பக்கத் தூண்கள், மூலைப் பெட்டிகள் எல்லாவற்றிலும் தம்பி கேட்டபடி துளை போட்டாள். மேல் குழலில்தான் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறதே என்று அதை மட்டும் விட்டாள். பிறகு ஆசிட் பூசித் துருவை அரித்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாள்.

கழுவி முடித்துத் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது காலில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.

அவள் கீழே பார்த்தாள். இன்னொரு சொட்டு. கழுவிய தண்ணீர் குழலுக்குள் தேங்கி, அதே ஓட்டை வழியாக, அதே அவசரமில்லாத வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நனைந்த செருப்பின் சத்தம் கேட்டது என்று சத்தியம் செய்வாள். ஐம்பதை நெருங்கும் பெண், எதிராளியின் விரலை ஒடிக்கிறவள், அந்தச் சொட்டுக்கு நடுங்கினாள். நடுங்கியது தெரிந்ததும் வெறி வந்தது. ஊதுகுழலைத் திருப்பி ஓட்டையைச் சுற்றி ஈரத்தைக் காயவைத்தாள். கம்பியை வைத்தாள். கண்ணாடிகூடப் போடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, இரும்பை உருக்கி அந்த வாயை அடைத்தாள். அப்பனின் வாயையே அடைக்கிற மாதிரி இருந்தது. மேலே கிரைண்டரை ஓட்டிச் சமப்படுத்தினாள். ஓட்டை எங்கே இருந்தது என்று அவளே தேடினாலும் கிடைக்காது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அசந்து தூங்கினாள்.

பெயிண்டர் வண்டி பிடித்து அதை ஆலையில் இறக்கிவிட்டு வந்தார். மறுநாள் பகல் அவர் கடை வாசலில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது அவளுக்கு மனசு லேசாக இருந்தது. அது அபூர்வம் என்பதால் பெயிண்டரும் பயமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க தம்பி பாத்தார் அக்கா. சுத்தமா இருக்குன்னு தலையாட்டினார். நேத்திலேருந்து ஆசிட்ல ஊறுது. சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் முக்கறாங்களாம்."

"சுத்தமா இல்லாம? சின்ன வயசுலேருந்து சொட்டினது அது. ஒரே ஒரு பொட்டு வச்சேன், நின்னுடுச்சு."

"எது?"

"மேல் குழல் ஓட்டை. அடைச்சுட்டேன்."

பெயிண்டர் டீயைக் கீழே வைத்தார். "அக்கா. காத்து போகணும்னு சொன்னாரே."

அவள் கையிலிருந்த டம்ளர் சரிந்து மடியில் கொட்டியது. சூடு அவளுக்கு உறைக்கவில்லை. குழலுக்குள் தண்ணீர் இருந்தது. தண்ணீரோடு வைத்துத்தான் அடைத்தாள். போனை எடுத்துத் தம்பியை அழைத்தாள். மணி அடித்தது, வெட்டினான். மறுபடி அடித்தாள், மறுபடி வெட்டினான். அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். பெயிண்டரின் போனிலிருந்து அடித்தபோது யாரும் எடுக்கவில்லை. தொட்டியடிக்குப் போகிறவன் போனை வெளியிலேயே வைத்துவிடுவான். ஆலை அலுவலகத்தில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

பெயிண்டரின் மொபட்டைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு பறந்தாள். வழியில் எத்தனை பேர் அவளைத் திட்டினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. அவள் தன்னைத் திட்டிக்கொண்ட அளவுக்கு அவர்கள் திட்டவில்லை. கேட்டில் காவலாளி கையை நீட்டி மறித்தான். அவன் நெஞ்சில் முழங்கையால் இடித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

கொட்டகைக்குள் வெப்பம் முகத்தில் அறைந்தது. நீளமான தொட்டியில் துத்தநாகம் வெள்ளி நிறத்தில் அசைவில்லாமல் கிடந்தது. அதற்கு மேலே, கிரேனின் கொக்கியில் அவளுடைய இரும்புச் சுவர் தொங்கியது. கால் பள்ளங்கள் இரண்டும் ஏற்கெனவே தொட்டிக்குள். துளைகளின் வழியாகப் புகை சீறிக்கொண்டிருந்தது. தம்பி வயரில் தொங்கும் ஸ்விட்சைக் கையில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தான். மேல் குழல் இன்னும் இரண்டு சாண் உயரத்தில் இருந்தது.

"தம்பி, நிறுத்துடா."

அவள் நின்றது அவனுடைய செத்த காதுப் பக்கம். அவன் திரும்பவில்லை. ஓடிப்போய் ஸ்விட்சைப் பற்றினாள். அப்போதுதான் பார்த்தான். அவன் முகத்தில் எழுந்தது பழைய கோபம்.

"திருப்பி எடுத்துட்டுப் போக வந்துட்டியா? இதுகூட என் கையால நடக்கக் கூடாதா?"

"விடுடா. மேல தூக்கு. அது வெடி—"

கிரேன் இரைச்சலில் அவள் சொன்னது எதுவும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. அவள் தன்னிடமிருந்து பிடுங்குகிறாள் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. பிடுங்கினால் விடக் கூடாது என்பது இருவருக்கும் சிறு வயதிலேயே பழகியது. அவன் இழுத்தான், அவள் இழுத்தாள். அவன் தலையால் அவள் மூக்கில் முட்டினான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். நாலு கைகள் சேர்ந்து நசுக்கியதில் எந்தப் பொத்தான் அழுந்தியது என்று யாரும் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தியபோது கொக்கி கீழே போய்க்கொண்டிருந்தது. மேல் குழல் துத்தநாகத்தைத் தொட்டது. மூழ்கியது.

இனிப் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வாழ்நாளில் இரும்புக்குக்கூடக் கொடுக்காத ஓர் அடியைத் தம்பியின் தாடையில் கொடுத்தாள். அவன் கண் செருகிச் சரிந்தான். அவன் சட்டையைப் பிடித்து, தெறிப்புக்காகத் தொட்டியருகே நிறுத்தியிருந்த தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் இழுத்தாள். அவன் உடம்பு முழுக்க உள்ளே வந்துவிட்டது. அவனுடைய காலைக் கடைசியாக உள்ளே இழுத்த அவளுடைய வலது கை மட்டும் இன்னும் வெளியே இருந்தது.

அப்போது குழல் வெடித்தது. கொட்டகையின் கூரைத் தகடு அதிர்ந்தது. உருகிய உலோகம் எழும்பி, தம்பி நின்றிருந்த இடத்தில் விழுந்து தெறித்தது. அவன் கீழே வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டில் அந்த இடத்திலேயே இல்லாமல் போனது. அவளுடைய கையில், முழங்கையிலிருந்து விரல்நுனிவரை, வெள்ளியாக ஒட்டிக்கொண்டது. அவள் கத்தவில்லை என்று பிறகு சொன்னார்கள். கத்தியிருப்பாள், அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு வந்தபோது, கை பெரிய பொட்டலமாகப் பக்கத்தில் கிடந்தது. இரண்டு விரல்கள் இல்லை, மற்ற மூன்றும் மடங்காது என்று மருத்துவர் தம்பியிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கட்டில் காலடியில் தம்பி உட்கார்ந்திருந்தான். தாடை நீலமாக வீங்கி, வார்த்தை ஒழுங்காக வரவில்லை.

"சூப்பர்வைசர் கேட்டார், மேல் குழலுக்கு ஓட்டை எங்கேன்னு" என்றான். "அடியில இருக்கு, எனக்குத் தெரியும்னு சொன்னேன். குனிஞ்சுகூடப் பாக்கல. அந்த ஓட்டைய எனக்குத் தெரியாதா? எந்த ஓட்டை எங்க இருக்கோ இல்லையோ, அது இருக்கும்னு நெனச்சேன்."

"அடைச்சுட்டேன்டா. கால்ல சொட்டுச்சு. அடைச்சுட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தாள். அழுகையும் இருந்தது.

"எத்தனை தடவ அடைச்சிருப்போம் அக்கா. துணி, தாரு, சோப்பு. ஒரு தடவயாவது நின்னுச்சா?"

"இந்தத் தடவ நின்னுச்சு" என்றாள் அவள். அவனுக்குத் தாடை வலித்தது. இருந்தும் சிரித்தான். அவளும் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர் இந்த இரண்டு பேருக்கும் மண்டையிலும் அடிபட்டிருக்கிறது என்று நர்ஸைக் கூப்பிட்டார்.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் அவனே அந்த இரும்புச் சுவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். மேல் குழல் வாய் பிளந்து நெளிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் துத்தநாகம் படிந்து வெளுத்திருந்தது. தாங்கியில் நிறுத்திவிட்டு, அவன் அந்தக் குழிக்கு முன்னால் நின்றான். ஆலையில் அவன் அந்தப் பக்கம் பார்க்காமலே இருந்திருந்தான். பட்டி போன பிறகு அதைக் கையால் தொட்டுப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. உள்ளங்கையை அதற்குள் வைத்தான்.

"இவ்வளவு சின்னதா?" என்றான். "நான் பெருசுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"உன் தலை அப்ப சின்னதுடா."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் இடது கையால் சுவரில் மாட்டியிருந்த பெரிய சுத்தியலை எடுத்து, அவனிடம் நீட்டினாள்.

"பின்பக்கமாப் போய் அடி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவன் அடித்தான். முறையாக அடிக்கத் தெரியாது அவனுக்கு. ஒவ்வொரு அடியும் கோணலாக விழுந்தது, துத்தநாகம் செதில் செதிலாகப் பெயர்ந்தது, தகடு ஓரிடத்தில் கிழிந்தது. நல்ல டிங்கர் பார்த்தால் ரத்தக்கண்ணீர் வடிக்கிற வேலை. பெயிண்டர் ஓடிவந்து வாசலில் நின்று, சம்மட்டி இப்போது யாரைக் கொல்லப் போகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மடங்காத விரல்களை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, தம்பிக்குக் கை ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.